வராத மண்

அக்கா,

இன்று காலை அரைக்கீரை அலசிக்கொண்டிருந்தேன். மழை விட்ட மறுநாள் பொன்னேரி சந்தைக்கு வருகிற கீரையில் மண் அதிகமாக இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றியும் குண்டானின் அடியில் கறுப்பாக ஒரு வளையம் தங்கியிருந்தது. விரலை விட்டுத் தேய்த்தேன். நறநறவென்றது. அப்படியே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. குழாய் திறந்தபடி ஓட, குக்கர் எத்தனையோ விசில் அடித்து, கடைசியில் என் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்துவிட்டு, "இன்னா ஆச்சு உனக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். கீரையை ஒரு தட்டுப் போட்டு மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அக்கா என்று எழுதிவிட்டேன். ஆறு வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். நீங்கள் என்னைவிட நாலு வயது பெரியவர். அத்தனை வருடமும் உங்களைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வா, போ, நீ. நீங்கள் எனக்கு மேடம், வாங்க, சொல்லுங்க. நான் கெமிஸ்ட், நெல் வயல் உள்ள வீட்டுப் பெண். நீங்கள் காலனியிலிருந்து காண்ட்ராக்டில் வந்தவர். உங்கள் அம்மா எங்கள் பெரியப்பா வயலில் நாற்று நட்டிருக்கிறார் என்று நீங்கள்தான் ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். "அப்டியா" என்றேன். வேறெதுவும் கேட்கவில்லை. காது கேட்காத இடத்துக்கு ஒருவர் போன பிறகு அவருக்கு மரியாதை கொடுப்பது சுலபம். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் இந்தக் கடிதத்திலாவது நீங்கள் என்று எழுதிக்கொள்கிறேன்.

நம் வேலையிடத்தைப் பற்றி யாராவது கேட்டால் நான் 'சுத்திகரிப்பு நிலையம்' என்பேன். நீங்கள் 'கக்கூஸ் தண்ணி பிளாண்டு' என்பீர்கள். உங்கள் பெயர்தான் பொருத்தம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனிகளின் கழிவறை, கேன்டீன், வெளிமாநிலத்து ஆட்கள் தங்குகிற விடுதிகள் எல்லாவற்றின் தண்ணீரும் நம்மிடம்தான் வந்தது. முதலில் கம்பி வலை. அதில் துணியும் பிளாஸ்டிக்கும் நிற்கும். அடுத்தது உங்கள் இடம். கிரிட் சேம்பர் என்று போர்டு இருந்தது. எல்லோரும் மண் தொட்டி என்றோம். அங்கே தண்ணீர் கொஞ்சம் நிதானித்துப் போகும். அதோடு வந்த மண் அடியில் இறங்கும். சாய்வாக வைத்த ஒரு திருகு மிஷின் அந்த மண்ணை மேலே ஏற்றி வெளியே தள்ளும். நீங்கள் அதைப் பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் பிடித்து, கழுவி, ஓரமாகக் குவிப்பீர்கள். அதைத் தாண்டிப் போகிற தண்ணீர்தான் காற்றடிக்கிற பெரிய தொட்டிக்குப் போகும். அங்கே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று தீர்க்கும் என்று நான் சொன்னபோது, "அப்போ பூச்சி வளக்கறோம்னு சொல்லுங்க" என்று சிரித்தீர்கள். அன்றிலிருந்து பிளாண்டு முழுக்க அதற்குப் பூச்சித் தொட்டி என்றே பெயராகிவிட்டது.

உங்கள் கை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையுறையைக் கழற்றிவிட்டு, கழுவிய மண்ணில் ஒரு பிடி எடுத்து, இறுக்கிப் பிடித்து, விரித்து, மூக்கருகே கொண்டுபோவீர்கள். முதல் தடவை பார்த்தபோது "என்ன பண்ற நீ, கையக் கழுவு" என்று கத்தினேன். நீங்கள் சாவதானமாகச் சொன்னீர்கள்: "மண்ணு நாறக்கூடாது மேடம். நாறுச்சின்னா பூச்சிங்களோட சோத்தயும் சேத்துப் புடிச்சிட்டோம்னு அர்த்தம். தண்ணி ரொம்ப மெதுவாப் போவுது. ஷட்டரக் கொஞ்சம் தூக்கணும்." தூக்கினீர்கள். மறுநாள் வந்த மண் ஆற்று மணல்போல வாசனையில்லாமல் இருந்தது. நான் புத்தகத்தில் அரைப்பக்கம் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன விஷயம் அது. தண்ணீர் வேகமாகப் போனால் மண் தங்காது, மெதுவாகப் போனால் அழுக்கும் சேர்ந்து தங்கும். உங்களுக்கு அது கையில் இருந்தது. "கீர அலசற மாதிரிதான். அவசரப்பட்டு ஊத்துனா மண்ணும் கூடவே வந்துடும்" என்றீர்கள்.

பிளாண்டில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். மத்தியானம், தொட்டிக்குக் காற்றடிக்கிற புளோயர் ரூமுக்குப் பின்னால் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். சத்தத்தில் பேசுவது பாதி காதில் விழாது. அதனால் கத்திக் கத்திப் பேசுவோம். உங்கள் மகள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்த கதை, உங்கள் வீட்டுக்காரர் ஊர் ஊராக லாரி ஓட்டுகிற கதை எல்லாம் அங்கே கேட்டதுதான். என் மாங்காய் ஊறுகாயை விரும்பிச் சாப்பிடுவீர்கள். உங்கள் டப்பாவை என் பக்கம் நீட்டுவீர்கள். "வயிறு சரியில்ல" என்பேன். மூன்று தடவை நீட்டினீர்கள், மூன்று தடவையும் என் வயிறு சரியில்லை. அதற்குப் பிறகு நீங்கள் நீட்டவில்லை. ஊறுகாயை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொண்டீர்கள். அதை நான் அப்போது கவனிக்கக்கூட இல்லை. இப்போது ஞாபகம் வந்து, சோற்றில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன் சில நாள்.

நாம் சேர்ந்து வேலை பார்த்த கடைசி வருடம் ஐப்பசியில் மழை விடாமல் அடித்தது. உடைந்த மேன்ஹோல்களிலும், கட்டிடம் எழும்புகிற இடங்களிலும் புகுந்து தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு வந்தது. ஒரு வாரத்தில் மூன்று மடங்கு மண் எடுத்தீர்கள். பிறகு ஒரு காலை திருகு மிஷின் பெரிய சத்தத்தோடு நின்றது. தண்டு முறிந்துவிட்டது. மேனேஜர் வந்து பார்த்தார். புதுசு வர நாளாகும் என்றார். அதுவரைக்கும் மண் தொட்டியைத் தாண்டித் தண்ணீரை நேராகப் பூச்சித் தொட்டிக்கு விடச் சொன்னார். கம்பெனிகளிடம் தண்ணீரை அனுப்பாதீர்கள் என்று சொல்ல முடியாது என்பது அவர் நியாயம். நாலு நாள், பத்து நாள் என்றால் அதில் பெரிய தப்பும் இல்லை.

தினசரி சீட்டில் 'எடுத்த மண்' என்று ஒரு கட்டம் உண்டு. நீங்கள் சொல்வதை நான் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தண்டு முறிந்த மறுநாள் நீங்கள் வழக்கம்போல ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்று, "மண்ணு வர்ல மேடம்" என்றீர்கள். சைபர் என்று எழுதினேன். சாயந்திரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "சைபர்னு போட்டா மேல கேள்வி வரும்மா. எப்பவும் போடறதயே போடுங்க. ரெண்டு பாண்டு, மூணு பாண்டு. மிஷின் வந்ததும் எல்லாம் சரியாயிடும். உங்க பர்மனென்ட் பேப்பரும் இப்பதான் மேல போயிருக்கு, ஞாபகம் வெச்சிக்கோங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. மிரட்டவும் இல்லை. எட்டு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டிருந்த காகிதம் அது. அந்தச் சைபருக்கு முன்னால் ஒரு ரெண்டு போட்டு, சைபரைப் பாண்டின் 'ப' ஆகத் திருத்தினேன். அசிங்கமாக இருந்தது. மறுநாளிலிருந்து திருத்த வேண்டியிருக்கவில்லை.

நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்து நின்றீர்கள். "மண்ணு வர்ல மேடம்." தலையாட்டுவேன். ஒருநாள் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும் உங்களுக்கு.

"ரெண்டு பாண்டுன்னு போட்டுக்கீது?"

"அது ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம்."

"வர்லன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல மேடம். உள்ள போவுதுன்னு அர்த்தம். எவ்ளோ தூரம் போவும்? பூச்சித் தொட்டி அடியிலதான் போய்க் குந்தும்."

"தெரியும், நீ போ" என்றேன். தெரியும் என்பதுதான் உண்மை. தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே இருந்திருக்காது.

பத்து நாள் இரண்டு மாதமாயிற்று, பிறகு நாலு மாதம். பூச்சித் தொட்டியின் அடியில் வரிசையாக ரப்பர் தட்டுகள் உண்டு. அவற்றின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் காற்று குமிழ் குமிழாக மேலே வரும். மண் அவற்றை மூட ஆரம்பித்தது. தை மாதத்தில் தொட்டியின் ஒரு பக்கம் குமிழ் குறைந்தது. மாசியில் பாதித் தொட்டி சும்மா கிடந்தது. காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் செத்து, காப்பி நிறத்தில் இருக்கவேண்டிய தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் எழுந்தது. பம்புகளின் உள்ளே மண் அரைத்து இரண்டு பம்பு போயிற்று. வெளியேறுகிற தண்ணீர் கலங்கலாக, மிதக்கும் துணுக்குகளோடு கால்வாயில் இறங்கி, ஒன்றரை மைல் ஓடி, உங்கள் காலனிக் குட்டையில் சேர்ந்தது.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களே பார்த்தீர்கள். வெளியேறும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்து, ஆய்வுக்கூட மேசையில் இரண்டு மணி நேரம் அசையாமல் வைப்பேன். கசடெல்லாம் அடியில் இறங்கியதும், மேலே தெளிந்து நிற்பதை மட்டும் மெதுவாக வடித்து, அதைச் சோதித்து, அந்த எண்ணை எழுதுவேன். எண்ணில் பொய் இல்லை, நான் சோதித்த தண்ணீருக்கு அதுதான் சரியான எண் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒருநாள் நான் வடித்துக்கொண்டிருக்கும்போது கதவோரம் நின்றிருந்தீர்கள்.

"மேலாப்புல மொண்டுக்கிறீங்க மேடம்."

நான் திரும்பவில்லை.

"எங்க மாடு மேலாப்புல மட்டுமா குடிக்கும்? புள்ளைங்க உள்ள எறங்கிக் கலக்கிக்கினுதான் குளிக்கும்."

"இன்னும் கொஞ்ச நாள். மிஷின் வந்துடும்" என்றேன். நீங்கள் அந்தக் கேனை ஒரு தடவை பார்த்தீர்கள். அப்புறம், "நீங்க சொன்னா சரிதான்" என்று போய்விட்டீர்கள். நீங்கள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னீர்கள்.

பங்குனியில் குட்டையில் மீன் செத்து மிதந்தது. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சொறி. இரண்டு மாடுகள் கழிந்து கழிந்து படுத்துவிட்டன. காலனியில் எல்லோரும் உங்களைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று சொன்னீர்கள். "'நீதான அந்தத் தண்ணில வேல செய்யற, இன்னாத்த கலக்கறீங்க'ன்னு ஒரே பேஜாரு மேடம், தெருவுல நடக்க முடியல." மனு கொடுக்கலாம் என்று அவர்களுக்கு யோசனை சொன்னது நீங்கள்தான். அதையும் என்னிடம் ஒளிக்கவில்லை. "அதிகாரிங்க வந்தா நம்ம கஷ்டம் அவங்களுக்கும் தெரியும். சீக்கிரம் மிஷினப் போட்டுத் தருவாங்க. உங்களுக்கும் இந்த வடிகட்ற வேல மிச்சம்" என்றீர்கள். என்னையும் உங்கள் பக்கத்து ஆளாகவே நினைத்துப் பேசினீர்கள்.

மனு போனது. அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்ற தகவல் எங்களுக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஐந்து மாதமாக வராத திருகு மிஷின் ஒரே நாளில் வந்தது. வெள்ளை பெயின்ட் மின்ன ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வரத்தையும் இரண்டு நாள் குறைத்துப் பிடித்து வைத்தார்கள். அதனால் அன்று வெளியேறிய தண்ணீர் பார்ப்பதற்குத் தெளிவாகவே இருந்தது. மேனேஜர் அறையில் அதிகாரிகள் இரண்டு பேர். உங்கள் காலனியிலிருந்து நாலு பேர். சுவரோரம் நீங்கள், மேசையோரம் நான்.

பெரியவராக இருந்த அதிகாரி சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "தினமும் மண் எடுத்ததாத்தான இருக்கு?" என்றார்.

நீங்கள் முன்னால் வந்தீர்கள். "இல்ல சார். அஞ்சு மாசமா மண்ணே வர்ல. மிஷினு ஒடஞ்சி கெடந்துது. நேத்துதான் புதுசு மாட்னாங்கோ. மண்ணு பூரா உள்ள போய்க்கினு இருக்குது."

மேனேஜர் சிரித்தார். "லேட்டா வருதுன்னு போன வாரம் சத்தம் போட்டேன் சார். அந்தக் கோவம்."

அந்த அதிகாரி நிதானமான மனிதர். உடனே நம்பிவிடவில்லை. "வேற யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். உங்கள் முகம் அப்படியே மலர்ந்ததை நான் பார்த்தேன், அக்கா. என்னைக் கைகாட்டினீர்கள். "மேடத்தக் கேளுங்க சார். அவங்களுக்கு எல்லாம் தெரியும். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

காலனிக்காரர்கள் நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். மேனேஜர் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்ல இருக்கறது சரிதான் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "டெய்லி எடுத்தாங்க. அவங்களுக்கு மேனேஜர் சார் மேல கொஞ்சம் வருத்தம் உண்டு" என்றும் சொன்னேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எந்தக் காகிதத்துக்காகவும் அது தேவைப்படவில்லை. எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். முதல் பொய்க்குப் பயம் காரணம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டாவதற்கு எனக்குள் வேறு என்னவோ இருந்திருக்கிறது. உங்கள் பேச்சைவிட என் பேச்சுதான் எடுபடும் என்று தெரிந்து வைத்திருந்த ஒருத்தி இருந்திருக்கிறாள்.

நீங்கள் வாதாடவில்லை. காலனிக்காரர்களில் ஒருவர் உங்களைப் பார்த்து, "ஏம்மா, எங்களையும் கூட்டியாந்து அசிங்கப்படுத்தறியா?" என்றார். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். சாயந்திரம் கருவி அறைச் சாவியைக் கொடுக்க ஆய்வுக்கூடத்துக்கு வந்தீர்கள். மேசைமேல் வைத்தீர்கள். ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"இன்னாமா, இப்டிப் பண்ணிட்ட" என்றீர்கள்.

ஆறு வருடத்தில் அன்றுதான் என்னை ஒருமையில் கூப்பிட்டீர்கள். திட்டுவதுபோல இல்லை. வீட்டில் ஒருத்தியிடம், தன் சொந்தத் தங்கையிடம் கேட்பதுபோல இருந்தது. நான் சாவியை எடுத்து டிராயரில் போட்டு மூடினேன். தலை நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை. அடுத்த மாதம் எனக்கு நிரந்தர ஆணை வந்தது. பூச்செண்டு கொடுத்தார்கள்.

புது மிஷின் ஓடியும் தண்ணீர் தெளியவில்லை. ஏற்கெனவே உள்ளே போன மண் போனதுதான். வைகாசியில் காற்று முற்றிலும் நின்று, பூச்சித் தொட்டியைக் காலிசெய்தே தீரவேண்டும் என்றாயிற்று. தண்ணீரை இறைத்து, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, ஆட்களை இறக்கினார்கள். நான் மேல்நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தேன். கறுப்பாக, மேடும் பள்ளமுமாக, ஒரு ஏரி வற்றினதுபோல மண். இறங்கியவர்களுக்கு இடுப்பளவு. ரப்பர் தட்டு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. வடநாட்டுப் பையன்கள் பத்துப் பேர் இரண்டு வாரம் வாரினார்கள். நான் சீட்டில் எழுதிய ஒவ்வொரு பாண்டும் அங்கே இருந்தது. ஃபிட்டர் ஒருவர் என் பக்கத்தில் வந்து நின்று, உங்கள் பெயரைச் சொல்லி, "அது சொன்னது கரெக்டுதான மேடம்?" என்றார். "மழை மண்ணு" என்றேன்.

அன்று சொல்லியிருக்கலாம். ஆட்கள் வாரிக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டுக்கு வந்து, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் காட்டியிருக்கலாம். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மாதக் கடைசி என்று தள்ளினேன். நீங்கள் ஒரு செங்கல் சூளையில் வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டேன். காலில் பட்ட புண் ஆறவில்லை, சர்க்கரை ஏறிவிட்டது, திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்பது ஆடி மாதம் காதில் விழுந்தது.

வந்தேன், அக்கா. அது உங்களுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் பையில் ஆரஞ்சும் பிரெட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். ரயிலில் வரும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டே வந்தேன். பெண்கள் வார்டில் ஜன்னலோரம் கடைசிக் கட்டில். கால் முழுக்கக் கட்டு. முகம் பாதியாகச் சுருங்கியிருந்தது. நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் மகள் மருந்து வாங்கப் போயிருப்பதாகப் பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னார். "எழுப்பட்டுமா?" என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். உண்மையைச் சொல்கிறேன்: நீங்கள் தூங்குவதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்துவிட்டேன் என்று இருந்தது. பையைக் கட்டிலடியில் வைத்துவிட்டு, செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தேன். வாசலில் டீ கூடக் குடித்தேன். ஐந்தாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

சாவுக்கு வரவில்லை. காரியத்தன்று வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு, ஊர் ஜனம் உட்கார்ந்திருந்தது. அன்று மேனேஜர் அறைக்கு வந்த நாலு பேரும் இருந்தார்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார்கள். அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. நின்றபடியே சொன்னேன். மண் வரவில்லை, ஐந்து மாதம் வரவில்லை, அவர் சொன்னது அத்தனையும் உண்மை, பொய் சொன்னது நான். குரல் வெளியே வந்ததா என்றே சந்தேகமாக இருந்தது. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று உங்களிடம் 'அசிங்கப்படுத்தறியா' என்று கேட்டவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உங்கள் மகள் எழுந்து வந்தாள். உங்கள் மாதிரியே நெற்றி.

"இத எங்கம்மா இருந்தப்ப சொல்லிருக்கணும்" என்றாள்.

"ஆமாம்மா."

"எழுதிக் குடுங்க. நீங்க போய்ட்டீங்கன்னா, இல்லன்னு சொல்லிடுவீங்க. பெரிய எடத்து ஆளுங்க பேச்ச நாங்க ஒரு தபா நம்புனோம்."

அங்கேயே ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதே விஷயத்தை அதிகாரிகளுக்கும் எழுதி அனுப்பினேன். விசாரணை வந்தது. மேனேஜரை வேறெங்கோ மாற்றினார்கள். நான் அவர்கள் சொல்லும் முன்பே வேலையை விட்டேன். பிளாண்டு இப்போது ஒழுங்காக ஓடுகிறதாம். அடுத்த மழையில் குட்டை நிரம்பி வழிந்து, தண்ணீர் பழையபடி தெளிந்துவிட்டதாம். கெண்டைக் குஞ்சு விட்டிருக்கிறார்கள் என்றாள் உங்கள் மகள். நான் எழுதிய தாளை அவள் பிளாஸ்டிக் உறை போட்டு, உங்கள் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை நான் போகும்போது அதன் எதிரில்தான் உட்காருகிறேன். அவள் டீ கொடுக்கிறாள். சிரிப்பதில்லை.

போன தடவை போனபோது கேட்டுவிட்டேன். "அம்மா என்னப் பத்தி எதாவது சொன்னாங்களா?" கேட்க எனக்கு உரிமை இல்லைதான். அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, "நாங்க எல்லாம் உங்கள வாய்க்கு வந்தபடி திட்டுவோம். அது ஒண்ணும் பேசாது. கடசியில ஒரு தபா மட்டும் சொல்லிச்சி, 'வுடுங்க, அந்தப் பொண்ணு பயந்துடுச்சி'ன்னு" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. நீங்கள் என்னைச் சபித்திருந்தால் அதை ஒரு தண்டனையாக எடுத்துக்கொண்டிருப்பேன். இதை என்ன செய்வது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டால் அது இன்னொரு திருட்டு. வேலை போய், ஊரில் பெயர் கெட்டு, சூளைச் சூட்டில் கல் சுமந்துகொண்டிருந்தபோது என் பயத்தை நினைத்துப் பார்க்க உங்களுக்கு நேரம் இருந்திருக்கிறது. என் நாற்பத்தைந்து வயதில் யாரும் என்னை இவ்வளவு சரியாகப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு சின்ன நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன வாரம் ஒரு கம்பெனி ஆள் வந்து, ஒரு எண்ணை மட்டும் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னார். நல்லவிதமாகத்தான் கேட்டார். எனக்குப் பயமாக இருந்தது, அக்கா. மேசைக்கடியில் கால் வெடவெடவென்று ஆடியது. இத்தனைக்குப் பிறகும் அந்தப் பயம் துளிகூடக் குறையவில்லை. ஆடுகிற காலை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "முடியாதுங்க" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான். ஒன்றுமே ஆகவில்லை. முடியாது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.